கையால் தைத்த குவில்ட்டைக் காட்டினால் என்ன சொல்வது?

கேள்வி: அக்கா தன் முதல் குவில்ட்டைக் (துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) காட்டப்போறாங்க. "நல்லா இருக்கு" என்பதைத் தாண்டி என்ன சொல்லலாம்? சில இடங்களில் துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, அதைச் சொல்லலாமா?

பதில் 1: கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பாருங்க. பின்பக்கத்தையும் திருப்பணும், உழைப்பு அங்கேதான் தெரியும். பிறகு குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்க: நிறச் சேர்க்கை, சீரான ஓட்டுத்தையல், சுருக்கமில்லாமல் மடிந்த ஓரப்பட்டை மூலை. "எந்தத் துணியை முதல்ல எடுத்தீங்க?" என்று கேட்டால் ஆசையாகப் பேசுவாங்க. விலைப் பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

பதில் 2: முனை விஷயத்தை அவங்களா கேட்டால் மட்டும் சொல்லுங்க. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்த பிறகு பிரிக்காமல் திருத்த முடியாது. பெரும்பாலும் காரணம் தையல் விளிம்புதான், அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் இடையே விடும் இடம். அது கால் அங்குலம் இருக்கணும். 1/16 அங்குலம் கூடினாலும், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் போகும். 8 தையல் உள்ள வரிசை ஓர் அங்குலம் குறையும்.

பதில் 3: சாயம் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. சிவப்பு, கருநீலத் துணிமேல் ஈரமான வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பார்க்கட்டும். நிறம் ஒட்டினால், துவைத்ததும் ஈரத்தோடு மடித்து வைக்கக்கூடாது.