சரிவான மனையை மட்டப்படுத்தாமல் வீடு கட்ட முடியுமா? (தக்கலை அருகே, 14 சென்ட்)

பலாச்சுளை எழுதியது:

வணக்கம். தக்கலைக்கு வடக்கே அப்பா வாங்கிப்போட்ட 14 சென்ட் மனை இருக்கிறது. ரோட்டிலிருந்து பின்பக்கம் போகப்போகச் சரிவு, மொத்தமாக எட்டடி இறங்கும். நடுவில் ஒரு பலா, மேற்கு ஓரத்தில் இரண்டு அயனி மரங்கள், கீழ்மூலையில் தரையோடு தரையாக ஒரு பாறை. எஞ்சினியர் வந்து பார்த்தார். மரங்களை எடுத்துவிட்டு, ஜேசிபி விட்டு மேலே வெட்டிக் கீழே நிரப்பி, கீழ்ப்பக்கம் ஒரு தாங்குசுவர் கட்டிவிட்டால் எந்த பிளான் வேண்டுமானாலும் போடலாம் என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்மையில் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளாகம். மரம் நிற்கிற இடத்தில் சுவர் வளைந்து போகிறது, மேடு ஏறுகிற இடத்தில் கட்டடமும் ஏறுகிறது. மத்தியான வெயிலில் உள்ளே நின்றால் குளுமையாக இருந்தது.

என் கேள்வி இதுதான். இயற்கையோடு ஒட்டிய வீடு என்பது நம்மைப் போல கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு நடக்கிற காரியமா? அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. படி ஏறி இறங்க முடியாது.

ஈரமண் எழுதியது:

நான் நாகர்கோவில் பக்கம் வீடு வரைந்து கட்டிக்கொடுக்கிறேன். உங்கள் மனையைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். அதில் உடன்பாடு இல்லையென்றால் மீதியைப் படித்துப் பயனில்லை.

நீங்கள் வீடு கட்டுவதற்கு முன்பே அந்த நிலத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மழைத்தண்ணீர் ஒரு வழியாக இறங்குகிறது. மேற்கு வெயிலை அயனி தடுக்கிறது. பலாவின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாம் கூலி கேட்காத வேலை. மரத்தையும் சரிவையும் எடுத்துவிட்டால் அந்தத் தேவைகள் போய்விடாது, செய்கிற ஆள்தான் போய்விடுவார். அப்புறம் மண்ணைப் பிடிக்கத் தாங்குசுவர், வெயிலுக்கு ஏசி, தண்ணீருக்குக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கட்டடக் கலைக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு என்று நான் நினைப்பது இதைத்தான். வீட்டின் அழகு இதிலிருந்து தானாக வரும். தனியாக அழகைத் தேடிப் போகிற வீடுகள் பெரும்பாலும் முதல் மழையிலேயே ஒழுகுகின்றன.

பேக்கர் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1917இல் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை படித்துவிட்டு, தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை வேலைக்காக 1945இல் இந்தியா வந்தவர். பிறகு மனைவி டாக்டர் எலிசபெத்தோடு இமயமலைப் பக்கம் பித்தோராகர் மலைச்சரிவில் பல வருடம் வாழ்ந்தார். அங்கே படித்த எஞ்சினியர் யாரும் இல்லை. ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த கல், மண், மரத்தை வைத்துக் கட்டிய வீடுகள் மலைக்குளிரையும் மழையையும் தாங்கி நின்றன. அதுதான் அவருக்குப் பாடம். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக அவர் பல முறை சொல்லியிருக்கிறார். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் தனக்குக் கட்டிக்கொண்ட வீடும் பாறைச் சரிவில்தான் நிற்கிறது. வேறு யாரும் வாங்கத் தயங்கியிருக்கக்கூடிய இடம்.

நீங்கள் பார்த்த வளாகத்தில் கம்ப்யூட்டர் மையம் இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? வெளியே வட்டம் வட்டமாக வளையும் செங்கல் ஜாலிச் சுவர் (காற்றுக்கு இடைவெளி விட்டுக் கட்டியது), உள்ளே இன்னொரு சுவர். வெளிச்சுவர் வெயிலை வாங்கிக்கொள்கிறது, உள்சுவர் அறையைக் காக்கிறது. 1970களில் தொடங்கிய வளாகம் இன்றும் நன்றாக நிற்கிறது.

இன்னொன்று, உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. திங்கட்கிழமை தவிர ஒரு நாள் நண்பகலில் போய், அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நில்லுங்கள். சாய்வான மரச்சட்டங்கள் வழியே காற்று வரும், வெயில் வராது. இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம், எவ்வளவு தாழ்ந்து இறங்குகிறது என்று வெளியே வந்து பாருங்கள். பேக்கரைத் தேடி எல்லை தாண்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் மனை. ஐப்பசி மழை வரும் வரை பிளான் போடாதீர்கள். அடைமழையில் குடையோடு போய், தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து முளைக்குச்சி அடித்து வையுங்கள். என் மனைகளில் முதல் வரைபடம் இந்தக் குச்சிகள்தான். அந்த வழியில் சுவர் வரக்கூடாது. கட்டாயம் வந்தாக வேண்டுமென்றால் அடியில் தண்ணீர் போக இடம் விட வேண்டும்.

வீட்டின் நீளம் சரிவின் குறுக்காக, அதாவது ஒரே உயரமுள்ள கோட்டோடு ஓடட்டும். சரிவு இறங்குகிற திசையில் நீளமாக வைத்தால்தான் வெட்டுவதும் நிரப்புவதும் ஏறும். நிரப்பிய மண் உடனே இறுகாது. அதன்மேல் நிற்கும் தரை சில மழைக்காலம் கழித்து விரிசல் விடும். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் கோத்துக்கொண்டு தள்ளும். கசிவுத் துளை சரியாக வைக்காத சுவர் மழைக்காலத்தில் சரிவதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் உண்டா?

பலாவை வெட்ட வேண்டாம். காய் பெரும்பாலும் அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்க்கும், தேங்காய் மாதிரி உச்சியிலிருந்து கூரைமேல் விழாது. ஆனால் அதன் கிளை விரிந்த எல்லைக்குள் தொடர்ச்சியாக அஸ்திவாரக் குழி தோண்டாதீர்கள். அந்தப் பக்கம் மட்டும் தனித்தனித் தூண் குழி போட்டு, மேலே பீம் ஓட்டி, வேரைத் தாண்டிச் செல்லுங்கள். முக்கியமாக, தோண்டிய மண்ணை மரத்தடியில் குவிக்கக்கூடாது. வேர் மூச்சு முட்டி, ஓரிரு வருடத்தில் மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கும். மரத்தை வெட்டாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தவர்கள் பலர் இப்படித்தான் இழந்தார்கள்.

செங்கல்சூளை எழுதியது:

ஈரமண் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் பூச்சில்லாத செங்கல் வீட்டில் வாழ்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். எலிப்பொறிக் கட்டு (உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் செங்கல் சுவர்), ஃபில்லர் ஸ்லாப் (அடியில் ஓடு வைத்து வார்க்கும் தளம்) எல்லாம் உண்டு. உள்ளே உண்மையிலேயே சூடு குறைவு. ஆனால் தென்மேற்குச் சுவரில் ஆனி ஆடி முழுக்கப் பாசி. ஜாலி வழியாகத் தூவானம் உள்ளே வந்து புத்தக அலமாரி நனைந்தது. கொசுவைச் சொல்லவே வேண்டாம், பின்னால் வலை அடித்தோம், இப்போது அந்த வலையில் சேரும் தூசியைத் தட்டுவதே ஒரு வேலை. செங்கல்லும் பழைய தரத்தில் கிடைப்பதில்லை. ஓரம் உடைந்த கல்லை வைத்து வெறுஞ்சுவர் கட்டினால் பார்க்கச் சகிக்காது. இதையெல்லாம் வீடு கட்டுவதற்கு முன்பே யாராவது சொல்ல வேண்டும்.

ஈரமண் எழுதியது:

நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் அவை பேக்கர் பாணியின் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால் வருபவை என்பது என் கருத்து. தென்மேற்கிலிருந்து சாரல் அடிக்கும் ஊரில் அந்தப் பக்கம் ஜாலி வைக்கவே கூடாது. அங்கே தாழ்ந்த இறவாணமும் அகலமான தாழ்வாரமும் வேண்டும். அந்தச் சுவரைச் சுண்ணாம்பு பூசி மூடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. செங்கல் தெரிந்தால்தான் இயற்கை என்று யாரும் சட்டம் போடவில்லை. நல்ல கல் கிடைக்கவில்லையென்றால் பூசுங்கள்.

ஆனால் பூசினாலும் எலிப்பொறிக் கட்டை விடாதீர்கள். கல்லைக் குத்தவைத்துக் கட்டுவதால் சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கிறது, வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகிறது. சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிடச் செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஃபில்லர் ஸ்லாபிலும் கணக்கு இதேதான். தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் பெரிதாகப் பாரம் சுமப்பதில்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்தால் சிமெண்டும் மிச்சம், சூடும் குறையும்.

மகாவலி எழுதியது:

மாத்தளையிலிருந்து எழுதுகிறேன். காணியில் பாறை இருக்கிறது என்றதும் எங்கட இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வேலைகள்தான் நினைவுக்கு வந்தன. பொலொந்தலாவையில் 1960களில் கட்டிய தோட்டத்து பங்களாவில் பெரும் பாறைகளே சுவர்களாக நிற்கின்றன. தம்புள்ளைப் பக்கம் கந்தளமை ஹோட்டலுக்கு முதலில் சீகிரியாவுக்குக் கிட்டத்தான் இடம் பார்த்தார்கள். அவர் அது வேண்டாம் என்று சொல்லி, குளக்கரைப் பாறைச் சரிவைக் காட்டினார். 1994இல் திறந்த கட்டடம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் நீளம், மலையை ஒட்டியே போகிறது. மழைத்தண்ணி கட்டடத்துக்கு அடியால் குளத்துக்குப் போகும். இப்ப கொடி படர்ந்து தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது. கட்டத் தொடங்கியபோது சூழலைக் கெடுக்கும் என்று பெரிய எதிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரமண் எழுதியது:

நன்றி மகாவலி. பாவாவிடம் எனக்குப் பிடித்தது அந்த முதல் மறுப்புதான். எங்கே கட்டக்கூடாது என்று முதலாளியிடமே சொல்லும் துணிவு எல்லாருக்கும் வராது. ஆனால் ஒரு ஹோட்டலால் கொடியை வெட்டிவிட ஆள் வைத்துக்கொள்ள முடியும், வீட்டில் அதை நாமே செய்ய வேண்டும். ஆகவே பலாச்சுளைக்குச் சொல்வேன், சுவரில் கொடி வேண்டாம். பாறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்க வெடிக்காரரைக் கூப்பிடாமல், பின்கட்டுத் திண்ணையின் அஸ்திவாரமாக வையுங்கள்.

பலாச்சுளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவின் மூட்டுவலிக்கு மட்டும் பதில் வரவில்லை. சரிவில் மட்டம் மட்டமாக வீடு என்றால் படி வருமே?

ஈரமண் எழுதியது:

வரும். ஆனால் அம்மா நடக்கிற பாதையில் வரக்கூடாது. ரோட்டு மட்டத்தில் வாசல், அம்மாவின் அறை, குளியலறை, சமையலறை, சாப்பிடும் இடம் எல்லாம் ஒரே தரையில் இருக்கட்டும். கூடமும் உங்கள் அறையும் நான்கைந்து படி கீழே இறங்கட்டும். எட்டடிச் சரிவில் இரண்டு மட்டம் வைத்து, மேல்மட்டத்தின் பின்பாதியைத் தூணில் நிறுத்தினால் தாங்குசுவர் ஏறக்குறையத் தேவைப்படாது. தூணுக்கடியில் கிடைக்கும் இடத்தில் விறகு, சைக்கிள், தண்ணீர்த்தொட்டி எல்லாம் அடங்கும். அம்மாவின் கட்டில் பலாவைப் பார்க்கிற கிழக்கு ஜன்னலோரம் வரட்டும். அவர் கால் தரையில் ஊன்றியபடியே உட்கார ஒரு திண்ணையும் வேண்டும். பதினெட்டு அங்குலத்துக்குக் குறைவான உயரத்தில் கட்டினால் மூட்டுவலிக்காரர்கள் எழும்பச் சிரமப்படுவார்கள், அதைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முளைக்குச்சி அடித்ததும் ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள். மரங்களின் அடிச்சுற்றளவையும், கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்பதையும் நாடா வைத்து அளந்து எழுதுங்கள். எந்தத் தூண் எங்கே நிற்கலாம் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.