பல்செட்டுக்கு ரீலைனிங்: எந்தப் பொருள் ஈறோடு நன்றாகப் பொருந்தும்?

உசிலம்பட்டி வாசகர்:
எழுபது வயதைக் கடந்த என் தாயார் நான்கு ஆண்டுகளாக முழுப் பல்செட் அணிகிறார். மேல்செட் ஓரளவு நிற்கிறது. கீழ்செட்டோ காப்பி குடிக்கும்போதே மிதக்கிறது. மதுரையில் பார்த்த மருத்துவர், புதிய செட் வேண்டாம், உட்புறம் ரீலைனிங் (ஈறைத் தொடும் பக்கத்தில் புதிய படலம் அமைப்பது) செய்தால் போதும் என்றார். வாயிலேயே வைத்து உடனே முடிப்பது, லேபுக்கு அனுப்புவது, மென்மையான பொருள் பூசுவது என மூன்று வழிகளையும் கூறினார். இவற்றில் எது நெருக்கமாகப் பொருந்தும்?

பல் லேப் பணியாளர், சிம்மக்கல்:
பல்செட் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் எதுவானாலும் இறுகும்போது சுருங்கும். மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு திரவம் என்ற வழக்கமான கலவையில் கன அளவு சுமார் 7 சதவீதம் குறைகிறது. மேல்செட்டில் அந்தச் சுருக்கம் அண்ணத்தின் பின்பகுதியில் இடைவெளியாகத் தெரியும். லேபில் சூடேற்றி இறுக்கும் பொருள் அடர்த்தியாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் பழைய செட்டே சற்று வளைந்துவிடக்கூடும். அறை வெப்பத்தில் தானாக இறுகுவது அவ்வளவு வளையாது என்றாலும், அதில் நுண்துளைகளும் இறுகாமல் எஞ்சும் திரவமும் அதிகம். வாயிலேயே இறுக்கினால் ஈறு எரிவதும் உண்டு.

பல் மருத்துவர், மதுரை:
பொருளைவிட அளவெடுப்பதே முக்கியம் என்பது என் கருத்து. இறுகப் பிடிக்கும் செட்டின்கீழ் ஈறு நசுங்கிப் புண்பட்டிருந்தால், அந்த நசுங்கிய வடிவத்துக்கே புதிய படலமும் அமையும். ஈறு தேறியதும் செட் மீண்டும் பொருந்தாது. ஆகவே அளவெடுப்பதற்கு முன் சில நாட்கள், குறைந்தது இரவுகளிலாவது, செட்டைக் கழற்றி வைக்க வேண்டும். கீழ்த்தாடை எலும்பு தேய்வதும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது: 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து டால்கிரன் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், அது மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. உங்கள் தாயாரின் கீழ்செட் மட்டும் மிதப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எலும்பு மெலிந்து ஈறு வலித்தால் சிலிக்கோன் மென்பூச்சு உதவும். ஆனால் அது அக்ரிலிக்கில் தானாக ஒட்டாததால், ஒட்டும் திரவம் சரியாகப் பூசப்படாவிடில் விளிம்பு உரியும்.

மேலூர் வாசகர்:
என் மாமியாருக்கு அக்ரிலிக் மென்பூச்சு போட்டோம். தொடக்கத்தில் மெத்தென்றிருந்தது, பின்னர் கல்லாக இறுகிவிட்டது. கொதிநீரில் செட்டைக் கழுவாதீர்கள், அதுவும் வளைக்கும்.

உசிலம்பட்டி வாசகர்:
நன்றி. அம்மாவுக்கு ஈறு சிவந்திருப்பதால் இன்றிரவே செட்டைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன். ஈறு ஆறிய பிறகு அளவெடுக்கலாமா என்று மருத்துவரிடமும் கேட்கிறேன்.