அடுப்பில் பூத்த ஆம்பி: குறுக்கெழுத்தில் எழுதிய சொல்லை நேரில் பார்த்ததுண்டா?

கோயம்புத்தூரிலிருந்து

11 வருடமாகக் காலை நாளிதழில் வரும் குறுக்கெழுத்தைப் போட்டு வருகிறேன். நிறையச் சொற்களை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவற்றில் ஒன்று, கட்டத்தில் எழுதிப் பல மாதம் கழித்து என் எதிரிலேயே வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள். இடமிருந்து வலம், 'மழைக்குப் பின் முளைக்கும் குடை', மூன்று எழுத்து. யோசிக்கவே இல்லை, காளான் என்று எழுதிவிட்டேன். அதன் நடுக்கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழே ஒரு சொல் இறங்குகிறது: 'புற்றில் குடியிருக்கும்', அதுவும் மூன்று எழுத்து. கறையான் என்றால் நான்கு எழுத்து ஆகிவிடும். அப்படியானால் பாம்புதான். பாம்பு என்றால் நடுவில் 'ம்' வர வேண்டும், காளானிலோ நடுவில் 'ளா' இருக்கிறது. ஏதோ ஒன்று தப்பு.

புதிதாகப் போடுகிறவர்களுக்காக இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்க் குறுக்கெழுத்தில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தன் வரிசை எழுத்தைத் தவிர வேறு எதையும் அடுத்து வர விடாது. பக்கம், பச்சை, பத்து, உப்பு என்று சொல்லிப் பாருங்கள். பக்தி, சப்தம் என்று வந்தால் அது வடமொழியிலிருந்து வந்த சொல் என்று அப்போதே தெரிந்துவிடும். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம்: காட்சி, நட்பு, பயிற்சி, கற்பு. ந் வந்தால் பெரும்பாலும் அடுத்தது த வரிசை, ண் வந்தால் ட வரிசை, ம் வந்தால் ப வரிசை அல்லது ம வரிசை. பள்ளியில் மெய்ம்மயக்கம் என்று நடத்தியபோது எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. கட்டம் போட்டுப் போட்டுத்தான் அது கைக்கு வந்தது.

சரி, நடுவில் 'ம்'. மூன்றாவது எழுத்து பி, பு, பை இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பது வரை வந்தேன். முதல் எழுத்து வரவே இல்லை. மறுநாள் விடையில் ஆம்பி என்று இருந்தது. வாழ்நாளில் கேள்விப்படாத சொல். அகராதியைத் திறந்தால், ஆம்பி, காளான் என்று இருக்கிறது. பிறகு அந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடிப் போனேன். புறநானூற்றின் 164ஆம் பாட்டு. பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர், தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருக்கும் குமணனைத் தேடிப் போய்ப் பாடியது. வீட்டில் அடுப்பு சமையலையே மறந்துவிட்டது, அதில் ஆம்பி பூத்திருக்கிறது என்கிறார். பால் இல்லாத மார்பைச் சுவைக்கும்போதெல்லாம் குழந்தை அழுகிறது, மனைவி கண்ணீரோடு அதன் முகத்தைப் பார்க்கிறாள், அவள் துயரத்தைப் பார்த்து நான் உன்னைத் தேடி வந்தேன் என்கிறார். அன்று காலை காபி ஆறிப்போகும்வரை அந்தப் பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அதை மறந்துவிட்டேன். அந்த வருடம் ஐப்பசி மழை விட்டதும், பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் வீட்டைப் பார்க்கப் போனேன். முழங்கால் வலியால் அம்மா எங்களோடு கோவைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பின்கட்டில் ஓடு இரண்டு சரிந்து, மழைத் தண்ணீர் நேராக அடுப்படியில் இறங்கியிருக்கிறது. அம்மா தன் கையால் மண் குழைத்துப் போட்ட அடுப்பும் பக்கத்துக் கொடியடுப்பும் நமுத்துப் போய், இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருந்தது. காளான் என்று என் மனம் சொல்லவில்லை. ஆம்பி என்றுதான் சொன்னது.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சாம்பல அள்ளாம விட்டுட்டு வந்துட்டனா?" என்று மட்டும் கேட்டார்.

மயிலாடுதுறை பக்கத்திலிருந்து

என் அனுபவம் மாமியாரோடு நடந்தது. அவருக்கு 81 வயது. ஐந்தாவது வரை படித்தவர். நான் குறிப்பை வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வார். பழைய அளவைகள் வந்தால் எனக்கு வேலையே இல்லை. உழக்கு, உரி, நாழி, குறுணி எல்லாம் சரசரவென்று வரும்.

ஒரு நாள் 'பதினாறில் ஒன்று', மூன்று எழுத்து. "வீசம்னு போடு. இல்லன்னா மாகாணி. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். முதல் எழுத்து 'மா' என்று குறுக்கே போன சொல்லிலிருந்து தெரிந்திருந்ததால் மாகாணி என்று எழுதிவிட்டு, ஏன் அத்தை அப்படிப் பெயர் என்று கேட்டேன். என்னிடமிருந்து பென்சிலை வாங்கி நாளிதழின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. ஒரு மாவுக்கு நாலு காணி. நாலோடு இன்னொரு காணி சேர்ந்தால் அஞ்சு காணி, எண்பதில் அஞ்சு, அதாவது பதினாறில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்ததால் மாகாணி! நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அதோடு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இன்னமும் நிலத்தை மா கணக்கில்தான் சொல்வோம். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், 100 குழி ஒரு மா என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்த மா வேறு, இந்தப் பின்னத்து மா வேறு என்றே நினைத்திருந்தேன். "வேலிக்கு எத்தனை மா?" என்று அத்தை கேட்டார். வேலி என்பது மாவைவிடப் பெரிய நில அளவு. இருபது என்றேன். சொல்லும்போதே விளங்கிவிட்டது. வேலியில் இருபதில் ஒரு பங்குதான் மா.

அன்று சாயங்காலம் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவருடைய மாமனார் காலத்துப் பாகப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். வக்கீல் குமாஸ்தாவின் கையெழுத்தில் அரைக்காணி, முந்திரி வரை பங்கு பிரித்திருந்தது. முந்திரி என்றால் 320இல் ஒன்று. ஒரு பிடி மண்ணுக்குக்கூடக் கணக்கு வைத்திருந்திருக்கிறார்கள். 22 வருடமாக அந்தப் பெட்டி நான் படுக்கும் அறையில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது டொரொண்டோவில்

மேலே எழுதிய அக்காவுக்கு நன்றி. எனக்கும் காணி என்ற சொல்லோடு இப்படி ஒரு கதை இருக்கிறது. எங்களுக்குக் காணி என்றால் நிலம். வளவு, வயல், வெறும் நிலம் எல்லாமே காணிதான். காணி உறுதி என்றால் நிலப் பத்திரம். தமிழ்நாட்டு இதழ் ஒன்றின் குறுக்கெழுத்தில் 'எண்பதில் ஒன்று', இரண்டெழுத்து என்று வந்தபோது என்னால் போட முடியவில்லை. விடையைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இப்போது உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஊர் அளவை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் பரப்புக் கணக்கில் சொல்வோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஒரு பரப்பு ஏக்கரில் மாகாணி! அப்பா விட்டுவிட்டு வந்த காணி இரண்டு பரப்பு. ஏக்கரில் அரைக்கால் (எட்டில் ஒன்று) என்று இன்றைக்குத்தான் முதன்முறையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

திருச்சியிலிருந்து

நான் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போடுகிறவன். அதிலும் நம் சொற்கள் வரும் என்பதைச் சொல்ல வந்தேன். 'தென்னிந்திய அணை', ஆறு எழுத்து என்று ஒரு முறை வந்தது. விடை அனிகட். நம் அணைக்கட்டுதான், வெள்ளைக்காரர் வாயில் புகுந்து அவர்கள் அகராதியில் ஏறியிருக்கிறது. கல்லணையைக் கிராண்ட் அனிகட் என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கல்லணைக் கால்வாயை ஜி.ஏ. கால்வாய் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த 'ஏ' நம் சொல் என்று அந்தக் கட்டத்தை நிரப்பிய நாளில்தான் தெரிந்தது.

கட்டுமரம் கட்டமரான் ஆனதும், மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி ஆனதும் பலருக்குத் தெரியும். என்னை உலுக்கியது வேறு சொல். 'இரு முனையும் வெட்டிய புகையிலைச் சுருள்', ஏழு எழுத்து, செரூட். அகராதியில் மூலம் பார்த்தேன்: தமிழ், சுருட்டு. என் தாத்தா உறையூரில் சுருட்டு சுற்றியவர். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பலகை முன்னால் உட்கார்ந்திருப்பார், விரல் நுனி எப்போதும் பழுப்பாக இருக்கும். திருச்சிச் சுருட்டுக்கு அந்தக் காலத்தில் இங்கிலாந்து வரை பெயர் இருந்தது. அப்பா எங்கேயும் தாத்தாவின் தொழிலைச் சொல்ல மாட்டார், விவசாயம் என்று சொல்லிவிடுவார். அந்த ஏழு கட்டத்தையும் நிரப்பிவிட்டு நாளிதழைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்று இரவு முதன்முறையாகத் தாத்தாவைப் பற்றி அவராகவே பேசினார். இலையின் நரம்பை எப்படி உருவ வேண்டும் என்று கையால் செய்தும் காட்டினார்.

நாமக்கல்லிலிருந்து, தமிழாசிரியர்

பாரி, காரி, ஓரி மூவரும் குறுக்கெழுத்துக்காகவே பிறந்த வள்ளல்கள். இரண்டெழுத்து, அதிலும் மூன்று பேருக்கும் இரண்டாவது எழுத்து ஒன்றே. வகுப்பில் வாரம் ஒரு கட்டம் கரும்பலகையில் போடுவேன். காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி என்று சிறுபாணாற்றுப்படை சொல்வதைச் சொன்னபோது ஒரு பையன், "ராஜா பேரைக் குதிரைக்கு வச்சாங்களா, குதிரை பேரை ராஜாவுக்கு வச்சாங்களா?" என்று கேட்டான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சென்ற ஆண்டு அந்த வகுப்பைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போனோம். 70 கொண்டை ஊசி வளைவு, பாதிப் பேருக்கு வாந்தி. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்ததும் அதே பையன் ஓடிப்போய், வன்பரணர் பாட்டில் ஓரியின் ஒரே அம்பு எதையெல்லாம் துளைத்தது என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். வேழம், உழுவை, கலை, கேழல், உடும்பு. யானை, புலி, மான், பன்றி என்று அவன் சொல்லவில்லை, கட்டத்தில் எழுதிய சொற்களாலேயே சொன்னான். சுற்றுலா வந்த வேறு ஊர்க்காரர்கள் நின்று கேட்டார்கள்.

மறுபடியும் கோயம்புத்தூரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. சுருட்டுத் தாத்தாவைப் படித்ததை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஊர் வீட்டில் ஓடு மாற்றியாகிவிட்டது. போன பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் அதே அடுப்பை மெழுகிப் பற்ற வைத்தோம்.

ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இன்றைய கட்டத்தில் கீழிருந்து மேல், 'காட்டுப் பன்றி', மூன்று எழுத்து. காலையிலேயே ஏனம் என்று எழுதி வைத்துவிட்டு, குறுக்கே வரும் 'பழம்' ஏன் பொருந்தவில்லை என்று முழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'ழ' வர வேண்டும் என்றால் அது கேழல்தானே? ரப்பரை எடுக்கிறேன்.