தங்க நானோத் துகளும் கிணற்றுத் தண்ணீரும்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆய்வு மாணவி, சென்னை:
தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று தங்க நானோத் துகளை வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் போட்டுவிடுகிறேன்.

கரைசல் தயாரிப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. குடுவையை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவி, தங்கக் குளோரைடு கரைசலைக் கொதிக்கவிட்டு, சோடியம் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர் மஞ்சள் மறைந்து நிறமே இல்லாமல் போகும். அப்புறம் கருநீலமாகி, ஊதாவாகி, கடைசியில் மாதுளைச் சிவப்பில் வந்து நிற்கும். துகள் ஒவ்வொன்றும் சுமார் 13 நானோமீட்டர். தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீலம். மேலே ஈயத்தைப் பிடிக்கும் குளூட்டாதயோன் என்ற சேர்மத்தைப் பூசிவிட்டால், ஈய அயனி வந்து துகள்களைக் கோத்துவிடும். கருவியே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

டிஸ்டில்டு வாட்டரில் ஈயத்தைக் கலந்து பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. வீட்டு போர்வெல் தண்ணீரை விட்டேன், ஈயம் சேர்க்காமலேயே நீலம்! உப்புத் தண்ணீர்தானே, கால்சியமும் மக்னீசியமும் அந்த வேலையைச் செய்துவிட்டன. கணக்கைப் பாருங்கள்: குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கால்சியம் 100 மில்லிகிராம் இருந்தாலே அது பத்தாயிரம் மடங்கு. கட்டுரைகளில் பெருமையாகப் போடுகிற கண்டறியும் எல்லையை (எவ்வளவு குறைந்த அளவுவரை கண்டுபிடிக்கும் என்பதை) நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. எந்தத் தண்ணீரில் செய்தார்கள் என்றுதான் தேடுகிறேன்.

நீர்ப் பரிசோதகர்:
உப்புத் தண்ணீராவது பரவாயில்லை சகோதரி, இரும்புத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக்கு ஆர்சனிக் சோதனைக்காகப் போயிருந்தேன். அடிகுழாயிலிருந்து தெளிவாக வருகிற தண்ணீர், வாளியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் காவி நிறமாகிவிடும். அந்தக் காவிப் படிவோடு ஆர்சனிக்கில் ஒரு பகுதியும் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். ஆக, காலையில் சோதித்தால் ஓர் அளவு, மாலையில் மேல்தண்ணீரை எடுத்தால் வேறு அளவு. நாங்கள் கொண்டுபோன, நானோத் துகள் பூசிய சோதனைத் தாள் அங்கே குழம்பிப்போனது. பழைய கிட்தான் கைகொடுத்தது. துத்தநாகத் தூளும் அமிலமும் போட்டால் ஆர்சின் வாயு கிளம்பி, பாதரச புரோமைடு தாளை மஞ்சளாக்கும். அளவு கூடினால் பழுப்பாகும். மஞ்சளா பழுப்பா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், அது தனிச் சண்டை. அந்த வாயுவும் விஷம், தாளும் விஷம். அதனால்தான் நல்ல நானோ முறை ஒன்று வரட்டும் என்று இன்னமும் காத்திருக்கிறேன்.

ஆய்வக உதவியாளர், கோவை:
மாதிரி எடுப்பதைப் பற்றியும் பேசுங்கள். ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க, நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். உலோகங்களை மிக நுட்பமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு அது சரி. அதே பாட்டிலிலிருந்து தங்கக் கரைசலில் விட்டால் அமிலமே துகள்களைத் திரட்டிவிடும். அப்படி நீலமானதைப் பார்த்து, ஈயம் எக்கச்சக்கமாக இருக்கிறது என்று பதறிக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும்.

ஆய்வு மாணவி, சென்னை:
நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா. இனி இரண்டு பாட்டிலாக எடுக்கிறேன், ஒன்றில் அமிலம் வேண்டாம். சரி, கால்சியத்தை அடக்க ஏதாவது சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைப் போட்டால் அது கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைத்தான் முதலில் பிடிக்கிறது.