ஞாயிற்றுக்கிழமை எங்கே?

தம்பி: ஞாயிறு மலைப்பாதைதான். 8 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

மாமா: யார் முடிப்பது? நீயா, பாட்டியா?

தம்பி: கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன் மாமா. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நெய்ஸ்மித் என்பவர் 1892-லேயே சொன்னது.

மாமா: அவர் மலையேறுகிறவர். நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போட்ட கணக்கில்லை அது. நம் குட்டி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி எறும்பு பார்ப்பான். இருட்டிவிடும்.

சித்தி: பேசாமல் கடற்கரைக்குப் போகலாம். நாலு மணிக்கு மேல் வெயில் தணிந்துவிடும்.

அக்கா: சித்தி, இன்று அந்தப் பக்கம்தான் வந்தேன். இரண்டு மணிக்குத் தண்ணீர் படிக்கட்டு வரை ஏறி நின்றது. உட்கார மணலே இல்லை.

சித்தி: அது இன்றைக்கு. ஞாயிறும் அப்படியேவா இருக்கும்?

அக்கா: கடல் ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று வியாழன். ஞாயிறு நாலரைக்கு ஏறும். சரியாக நாம் பாய் விரிக்கிற நேரம்.

பெரியப்பா: இன்னொன்று. இரண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. போன தடவை என்னையே இழுத்தது. எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தித்தான் தப்பினேன்.

பெரியம்மா: இதை என்னிடம் சொல்லவே இல்லையே??

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: அழித்து என்ன, படித்தாயிற்று.

அக்கா: பாட்டி பக்கத்தில் இருந்து சொல்கிறார்: வண்டியை விட்டு இறங்கினால் நூறு அடிக்குள் நிழல், சாய்ந்து உட்கார ஒரு பெஞ்ச், கிட்டத்தில் கழிப்பறை. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டமாம்.

தம்பி: அப்போ ஏரிதான்.

சித்தி: போன மாதம் அங்கே பச்சை பெயின்ட் ஊற்றியதுபோல் இருந்ததே?

மாமா: நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். சில வகையில் நஞ்சு உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. சனி காலை நடைக்குப் போகும்போது பார்க்கிறேன். பச்சையாக இருந்தால் யாரும் கால்கூட நனைக்க வேண்டாம்.

*சனிக்கிழமை*

மாமா: தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஆனால் குச்சி விட்டுப் பார்த்தேன்: கரையில் கணுக்கால் அளவு, நாலு எட்டு வைத்தால் சட்டென்று இடுப்பளவு. குட்டி இறங்கினால் கை எட்டுகிற தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மரம் பெஞ்சுக்கு மேற்கே நிற்கிறது, மதியத்துக்கு மேல்தான் நிழல் விழும்.

தம்பி: சரி, மூன்று மணிக்குக் கிளம்பலாம். நடக்கப் பாதையாவது உண்டா?

மாமா: ஏரியைச் சுற்றி 2 கிலோமீட்டர். ஏற்றமே இல்லை. உன் கணக்குப்படி 24 நிமிடம்.

அக்கா: குட்டி கணக்குப்படி இரண்டு மணி நேரம்.