முன்னோக்கி வளைந்த செவுள்கள்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: சித்தப்பா, எங்கள் ஆக்ஸலாட்டலின் (நீரிலேயே வாழும் ஒருவகை சாலமாண்டர்) செவுள் காம்புகள் மூன்று நாட்களாக முன்பக்கம் வளைந்தே இருக்கின்றன. அடர்த்தியாக இருந்த இழைகள் மெலிந்துவிட்டன. ஒரு காம்பின் நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிகிறது. தொட்டியில் பூஞ்சை மருந்து ஊற்றலாமா?

சித்தப்பா: இப்போதைக்கு மருந்து வேண்டாம். செவுள்களை உடம்புக்கு வெளியே வைத்துக்கொண்டு வாழும் பிராணி என்பதால், நீரில் என்ன கெட்டாலும் அது முதலில் அங்கேதான் தெரியும். நீரைச் சோதித்து அளவுகளை எழுது.

நான்: வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ், அம்மோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), நைட்ரைட் 0.25, நைட்ரேட் 10, பிஎச் (அமில-காரத் தன்மை) 8.

சித்தப்பா: முதல் காரணம் கிடைத்துவிட்டது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்; வெப்பமும் பிஎச்சும் ஏற ஏற அம்மோனியாவின் நச்சு கூடும், வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த இந்த உயிரினத்துக்கு 16 முதல் 18 டிகிரி வரைதான் உகந்தது. சரி, இத்தனை மாதம் நன்றாக இருந்த தொட்டியில் திடீரென அம்மோனியா ஏன் ஏறியது? பில்டரில் யாராவது கை வைத்தீர்களா?

தம்பி: நான்தான் சித்தப்பா. ஸ்பாஞ்ச் அழுக்காக இருந்ததால் போன வாரம் குழாயடியில் பளிச்சென்று ஆகும்வரை கழுவினேன்.

சித்தப்பா: அந்த அழுக்கில்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருந்தன, குழாய்நீரின் குளோரின் அவற்றில் பெரும்பகுதியைக் கொன்றிருக்கும். இனிமேல், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரில் ஸ்பாஞ்சை இலேசாகப் பிழிந்தெடுத்தால் போதும்.

அத்தை: தம்பியை யாரும் கோபிக்க வேண்டாம், நானும் ஒரு காலத்தில் அதையேதான் செய்தேன். படத்தைப் பார்த்தால், பில்டரிலிருந்து வரும் நீர் நேராக அதன் முகத்தில் அடிக்கிறதே?

சித்தப்பா: நன்றாகக் கவனித்தீர்கள். ஓயாத நீரோட்டமும் செவுள்களை இப்படி முன்னோக்கி வளைக்கும், ஆகவே நீர் வரும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். இப்போது ஆக்ஸலாட்டலை ஒரு தனி டப்பாவுக்கு மாற்றி, குளோரின் நீக்கிய நீரை நாள்தோறும் முழுமையாக மாற்றுங்கள். புதிய நீரும் பழைய நீரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், குளிர்ச்சியை நாளுக்கு ஓரிரு டிகிரியாகத்தான் கூட்ட வேண்டும்.

நான்: அந்த வெள்ளைப் பஞ்சுக்கு உப்புக் குளியல் கொடுக்கலாமா?

சித்தப்பா: பூஞ்சை பரவினால் மட்டும் கொடு. அயோடின் சேர்க்காத உப்பை ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் விடாதே, ஏனென்றால் அதே உப்பு நேரம் கடந்தால் செவுளையும் தோலையும் புண்ணாக்கிவிடும். என்னைக் கேட்டால், குளிர்ந்த சுத்தமான நீருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்துப் பார்த்த பிறகே உப்பைத் தொடுவேன்.

தம்பி: போன இழைகள் மறுபடி வளருமா?

சித்தப்பா: வளரும். வெட்டுப்பட்ட காலையே முழுதாக வளர்த்துக்கொள்ளும் பிராணி அது. ஓய்வில் செவுள் வெளிறித் தெரிந்தாலோ, எப்போதாவது அதை வெடுக்கென உதறினாலோ நோய் என்று எண்ணிவிடாதே.

நான் (ஆறு நாள் கழித்து): காம்புகள் இப்போது பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன, உப்பு தேவைப்படாமலே பஞ்சும் மறைந்துவிட்டது. தொட்டியில் அம்மோனியா இன்னும் 0.25 காட்டுகிறது.

சித்தப்பா: அப்படியானால் அது டப்பாவிலேயே இருக்கட்டும். ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.