பிஎஸ்5-க்கு டிவி: 120 ஹெர்ட்ஸ் இல்லாமல் வாங்கலாமா?

நாலாம்மாடி:
பழைய 32 இன்ச் டிவி போன வாரம் கண்ணை மூடிவிட்டது. ஒரு வருடமாக என் கேம் பெட்டி பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிது வாங்க 60,000 ஒதுக்கியிருக்கிறேன், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அம்பத்தூரில் ஃபிளாட், ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சோபாவிலிருந்து சுவர் எட்டடி. மேற்கே பால்கனி, சாயங்கால வெயில் நேரே உள்ளே வரும். ஆறிலிருந்து பத்து வரை அம்மாவின் சீரியல், அதில் பேச்சுக்கே இடமில்லை. பத்துக்கு மேல்தான் என் ராஜ்ஜியம். கிரிக்கெட், கதை கேம்கள், சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு துப்பாக்கிச் சண்டை. 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் மாற்றும் திரை, இல்லாமல் வாங்கினால் பிஎஸ்5 வீண் என்கிறார் கடைக்காரர். 60 தாராளம் என்கிறார் ஆபீஸ் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?

பட்டன்பாண்டி:
கடைக்காரர் பேச்சை. அவர்கள் உண்மை பேசுவதே அபூர்வம், பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிசெகண்ட். 120-இல் அது 8.3. துப்பாக்கி கேம் ஆடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். அப்புறம் விஆர்ஆர். கேமின் வேகம் ஏறி இறங்கும்போது டிவியும் கூடவே ஏறி இறங்கும், படம் கிழியாது. பிஎஸ்5-க்கு அது 2022 ஏப்ரலில் வந்தது, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். இதெல்லாம் வேண்டுமென்றால் டிவியில் கேபிள் சொருகும் எச்டிஎம்ஐ போர்ட் 2.1 ரகமாக இருக்க வேண்டும். டிவி என்பது ஏழெட்டு வருடத்துக்கு வாங்குவது. இன்றைக்கு மிச்சம் பிடித்துவிட்டு ஏழு வருடம் புலம்பாதீர்கள்.

பழையடப்பா:
பாண்டி சொல்கிற கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. இருபது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். தம்பி ஆடுவதில் எத்தனை கேம் 120-இல் ஓடும்? கதை கேம்களில் பெரும்பாலும் இரண்டு மோட்தான் இருக்கும்: அழகுக்கு நொடிக்கு 30 படம், வேகத்துக்கு 60. 120 கொடுக்கிற துப்பாக்கி கேம்களும் அதற்காகப் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துத்தான் கொடுக்கின்றன. 60,000-இல் 55 இன்ச், 120 ஹெர்ட்ஸ் இரண்டும் வேண்டும் என்றால் கம்பெனி எங்கே கை வைக்கும்? பேக்லைட்டில், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கில். பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவாகக் காட்டும் வசதி) என்று போட்டிருக்கும். வெளிச்சமோ முந்நூறு நிட்ஸைத் தொடவே மூச்சு வாங்கும். அந்த டிவி எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டத்தான் தெரியாது. உங்கள் ஹாலில் மேற்கு வெயில் வேறு. அதே பணத்தில் நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி எடுத்தால் படம் படமாக இருக்கும்.

பட்டன்பாண்டி:
அண்ணாச்சி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். 40 ஃபிரேம் மோட், அதாவது நொடிக்கு 40 படம். 2021-இல் ராட்செட் அண்ட் க்ளாங்க் கேமில் வந்தது, பிறகு பல கதை கேம்களில் வந்துவிட்டது. 120-ஐ 40-ஆல் வகுத்தால் மூன்று, ஒரு படத்தை மூன்று தடவை காட்டினால் முடிந்தது கதை. 60-ஐ 40-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்றரை. ஒன்றரைத் தடவை எப்படிக் காட்டுவது? அதனால் 60 ஹெர்ட்ஸ் டிவியில் அந்த மோட் பக்கமே போக முடியாது. 30-இல் ஒரு படம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், 40-இல் 25, 60-இல் 16.7. 40 என்பது சரியாக நடுவில் உட்காருகிறது. அழகும் போகாது, தலையும் சுற்றாது. 120 துப்பாக்கிக்காரனுக்கு மட்டும் என்பது பழைய கதை.

பழையடப்பா:
இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுபதாயிர ரூபாய் டிவியின் 120 நிஜமான 120-தானா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கறுப்புன்னாகறுப்பு:
இரண்டு பேரும் பேக்லைட் வைத்த எல்சிடியிலேயே உருண்டுகொண்டிருக்கிறீர்கள். தம்பி, ஆறு மாதம் பொறுத்து இன்னும் கொஞ்சம் சேர்த்து ஓஎல்இடி வாங்குங்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். இருட்டுக் காட்சியில் கறுப்பு என்றால் கறுப்பு. மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு குறை இல்லை. ராத்திரி பத்துக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், அப்புறம் வேறு டிவியைக் கண்ணால் பார்க்க மாட்டீர்கள்.

பழையடப்பா:
தினமும் நாலு மணி நேரம், ஒரே சேனல், அதே மூலையில் அதே லோகோ. அது ஓஎல்இடியில் தழும்பாகப் பதியும் என்று தெரிந்துமா சிபாரிசு செய்கிறீர்கள்?

கறுப்புன்னாகறுப்பு:
அது பழைய பயம். இப்போதைய டிவிகள் லோகோவைக் கண்டுபிடித்து மங்கலாக்கிவிடும், படத்தை யாருக்கும் தெரியாமல் லேசாக நகர்த்திக்கொண்டே இருக்கும். நாலு மணி நேரம் ஓடி அணைந்த பிறகு, ஸ்டாண்ட்பையில் தானாகவே புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்ளும்.

பழையடப்பா:
ஸ்டாண்ட்பையில். அங்கேதான் வருகிறேன். நம் வீடுகளில் ராத்திரி படுக்கப் போகும்போது என்ன செய்கிறோம்? கேஸை மூடி, டிவி சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிட்டுப் படுக்கிறோம். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்குகிறோம். அந்தச் சரிபார்ப்பு எப்போது நடக்கும்? லோகோ பதிந்த பேனலோடு என்னிடம் வந்த வீடுகளில் கேட்டால், அம்மா தினமும் சுவிட்சை அணைத்துவிடுவார் என்பார்கள், ஏதோ நல்ல பழக்கம் என்கிற பெருமையோடு. நல்ல பழக்கம்தான். அந்த டிவிக்குத்தான் ஆகாது. வாரண்டி தாளில் பதிவுத் தழும்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கறுப்புன்னாகறுப்பு:
சரி, சுவிட்ச் விஷயம் நியாயம். நான் தனியாக இருப்பவன், என் வீட்டில் அணைக்க ஆளில்லை. ஆனால் கறுப்பு விஷயத்தில் மாற மாட்டேன்.

வெள்ளிக்கிழமை:
நடுவில் நுழைகிறேன். நீங்கள் மூவரும் சண்டை போடுவதைவிடப் பெரிய வித்தியாசம் ஒரு மெனுவுக்குள் கிடக்கிறது. அதன் பெயர் கேம் மோட். அதைப் போட்டால் டிவி படத்தை மெருகேற்றும் வேலைகளைக் குறைத்துக்கொள்ளும், பட்டனுக்கும் திரைக்கும் இடையே தாமதம் குறையும்.

எங்கள் வீட்டு 60 ஹெர்ட்ஸ் டிவியில் நானே அளந்தேன். ஃபோன் கேமராவை 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, கையில் இருக்கும் பட்டனும் திரையில் இருக்கும் கிரிக்கெட் பேட்டும் ஒரே சட்டத்தில் தெரியும்படி என் தம்பியைப் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரல் அமுங்கிய ஃபிரேமிலிருந்து பேட் அசையும் ஃபிரேம் வரை ஒவ்வொன்றாக எண்ணினேன். கேம் மோட் இல்லாமல் 47. போட்டால் 25. வித்தியாசம் 22 ஃபிரேம், அதாவது சுமார் 92 மில்லிசெகண்ட். 140 கிலோமீட்டர் வேகப் பந்து அந்த நேரத்தில் மூன்றரை மீட்டர் ஓடிவிடும். ஒரு வருடமாக டைமிங் வரவில்லை என்று கேமைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

60-க்கும் 120-க்கும் இடையே பாண்டி சொல்லும் 8.3 மில்லிசெகண்டில் அதே பந்து எவ்வளவு ஓடும்? ஒரு அடி.

பட்டன்பாண்டி:
அந்த ஒரு அடியில்தான் பேட்டின் விளிம்பு இருக்கிறது, அக்கா.

வெள்ளிக்கிழமை:
இருக்கலாம். முதலில் மூன்றரை மீட்டரைச் சரிசெய்துவிட்டு அந்த ஒரு அடிக்கு வருவோம். இன்னொன்று, 4கே, அதாவது 2160 வரிப் புள்ளிகள் கொண்ட திரை. 55 இன்ச்சில் பழைய 1080 வரித் திரையின் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர் அகலம். சாதாரணக் கண்ணுக்கு ஏழடிக்கு அப்பால் அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எட்டடியில் உட்காருபவர் 4கே-க்காக உருக வேண்டியதில்லை. இப்போது அந்த அளவில் 4கே இல்லாத டிவி தேடினாலும் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

பழையடப்பா:
வெள்ளிக்கிழமைக்கு ஒரு சல்யூட். நான் கேட்ட கேள்விக்குப் பாண்டி பதில் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். 120 என்று எழுதியிருப்பதில் மூன்று ஜாதி உண்டு. ஒன்று நிஜமான 120. இரண்டாவது, 60 ஹெர்ட்ஸ் பேனலில் நடுவே படங்களை இட்டுக்கட்டி 120 என்று விளம்பரத்தில் போடுவது. கேமுக்கு அது பைசா பிரயோஜனம் இல்லை, தாமதம்தான் கூடும். மூன்றாவது ரொம்பச் சாமர்த்தியம்: இரண்டு வரிகளை ஒரே நேரத்தில் எழுதி, மேல்-கீழ் நுணுக்கத்தைப் பாதியாக்கி 120 ஆக்குவது. 1080-இல் 120 வரும், 4கே-யில் 60-தான்.

எச்டிஎம்ஐ 2.1 என்பதும் அப்படித்தான். 2.0 என்பதே தனியாகக் கிடையாது, எல்லாம் 2.1-க்குள் அடக்கம், அதன் வசதிகள் எல்லாம் விருப்பப்பட்டால் வைக்கலாம் என்று எச்டிஎம்ஐ-க்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பே சொல்லிவிட்டது. முழு 2.1 நொடிக்கு 48 கிகாபிட், பழையது 18. 18 மட்டுமே இழுக்கும் போர்ட்டிலும் 2.1 என்று ஸ்டிக்கர் ஒட்டலாம். சட்டப்படி தப்பில்லை.

பட்டன்பாண்டி:
இதில் அண்ணாச்சியோடு சண்டை இல்லை. அதனால்தான் ஸ்டிக்கரை நம்பாமல் பிஎஸ்5-ஐத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள் என்கிறேன். செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோ, அதற்குள் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன். 2160-க்கு நேரே 120 இருக்கிறதா, விஆர்ஆர் இருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். பெட்டியில் வந்த கேபிளையே எடுத்துப் போங்கள். 120 தெரியவில்லை என்றால் உடனே டிவியைத் திட்டாதீர்கள். பல டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டை மெனுவில் என்ஹான்ஸ்டு என்று மாற்றினால்தான் திறக்கும்.

பழையடப்பா:
கூடவே ஒரு பென்டிரைவில் முழுக் கறுப்புப் படம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் விளக்கில் எல்லா டிவியும் ரதிதான். கறுப்புப் படத்தைப் போட்டு, இரண்டு கையையும் குவித்துத் திரையில் வைத்து உள்ளே பாருங்கள். சாம்பலாகத் தெரிந்தால் ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி பேனல், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) ஆயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கும். கறுப்பாகத் தெரிந்தால் விஏ என்ற வகை, அதில் கான்ட்ராஸ்ட் மூவாயிரத்துக்கு மேல். விஏ-யில் ஓரமாக உட்காருபவருக்கு நிறம் வெளுக்கும். அம்மா எங்கே உட்காருவார்?

நாலாம்மாடி:
நடு சோபாவில். ஓரத்தில் உட்காருவது நான்தான், அவர் இருக்கும்வரை.

(நாலு நாள் கழித்து)

நாலாம்மாடி:
பையில் பிஎஸ்5, பாக்கெட்டில் பென்டிரைவ். கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெரிய எழுத்தில் 120 என்று போட்ட முதல் டிவியில் 1080-க்கு மட்டும் 120 வந்தது, 2160-க்கு 60. அண்ணாச்சி சொன்ன மூன்றாவது ஜாதி. இரண்டாவது டிவி நிஜமான 120, ஆனால் கையைக் குவித்துப் பார்த்தால் உள்ளே விடிந்துவிட்டது. மூன்றாவது போன வருட மாடல், 55 இன்ச், விஏ, 2160-க்கு 120 வந்தது, விஆர்ஆரும். 57,500. போன வருடம் இதையே வாங்கியிருந்தால் 28 சதவீத ஜிஎஸ்டி கட்டியிருப்பீர்கள், 2025 செப்டம்பர் 22-இலிருந்துதான் 18 ஆனது என்று கடைக்காரர் தானே குறைத்ததுபோல் சொன்னார். வாங்கிவிட்டேன்.

பட்டன்பாண்டி:
ஆக, 120!

பழையடப்பா:
ஆக, கறுப்பு! 120 இருந்த இரண்டாவது டிவியை ஏன் விட்டார் என்று படியுங்கள் பாண்டி.

நாலாம்மாடி:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது ஒரு சிக்கல். மாட்ட வந்தவர் நான் ஆபீஸில் இருந்தபோது வந்து, டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டிவிட்டார். நாலு எச்டிஎம்ஐ-யில் இரண்டுதான் 120. ஒன்றில் சவுண்ட்பார், அது டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இஆர்க் போர்ட் என்பதால் அங்கேதான் இருக்க வேண்டும். இன்னொன்றில் செட்டாப் பாக்ஸைச் சொருகியிருக்கிறார். பிஎஸ்5 சாதாரணப் போர்ட்டில், 60-இல் ஓடுகிறது. பின்னால் கைவிட இரண்டு விரல் இடம்கூட இல்லை.

பழையடப்பா:
இரண்டு பேர் சேர்ந்து டிவியைக் கழற்றி, செட்டாப் பாக்ஸைச் சாதாரணப் போர்ட்டுக்கு மாற்றி, அது இருந்த இடத்தில் பிஎஸ்5-ஐச் சொருகுங்கள். கழற்றியதுதான் கழற்றினீர்கள், மறுபடி மாட்டும்போது முன்னால் இழுக்கிற கை வைத்த ஸ்டாண்டாகப் போட்டுவிடுங்கள். ரிமோட்டில் இன்புட் மாறும், அதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.